இரும்புத் துளியில் முளைக்கும் குழாய்

சேலம் அம்மாபேட்டையில் வெல்டிங் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மீத்தேனை எரித்தால் கரியமில வாயுதானே வரும்? மீத்தேனிலிருந்து நானோ குழாய், அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கார்பன் குழாய், எடுக்கிறார்களாமே, எப்படி? என் பட்டறையில் முயன்று பார்க்கலாமா?"

பதிலில் பாதி அவர் பட்டறையிலேயே இருக்கிறது. வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாத அந்த வெல்டிங் வெளிச்சம் பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான்கள் பிய்ந்து மின்சாரம் பாயும் நிலைக்கு வந்த வாயு. கோடைமழையில் ஏற்காட்டு மலைமேல் வெட்டுகிற மின்னலும் அதுவே. மீத்தேன் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு. ஆக்சிஜன் புகாத கலத்தில் அதை இப்படிப் பிளாஸ்மாவாக்கிப் பிய்த்தால் எரிய வழியில்லை. ஹைட்ரஜன் ஒருபக்கம், கார்பன் ஒருபக்கம் என்று பிரிந்துவிடும். ஆய்வகத்தில் இதற்குப் பெரும்பாலும் 2.45 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் போதும். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில் இருக்கும் அதே அலைதான்.

ஆனால் பிரிந்த கார்பனை அப்படியே விட்டால் கிடைப்பது மசி. அகல்விளக்கின்மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்கு வழித்தெடுப்போமே, அதன் உறவு. அது குழாயாக வேண்டுமானால் நடுவில் ஓர் இரும்புத் துளி வேண்டும். நிக்கல், கோபால்ட்டும் ஆகும். துளி என்றால் சில நானோமீட்டர் அகலம்; ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர். சூடான அந்தத் துளிக்குள் கார்பன் கரைகிறது, சர்க்கரை பாகில் கரைவதுபோல. ஓர் அளவுக்குமேல் துளி தாங்காது. பாகு மிஞ்சினால் நூலில் கற்கண்டு கட்டுமல்லவா? இங்கே நூல் கிடையாது, துளியின் விளிம்பே அச்சு. அதைச் சுற்றி அறுகோண வலையாகக் கார்பன் வெளியே வந்து வளையமாகிறது. அதன் அடியில் அடுத்தது, அதற்கடியில் இன்னொன்று. துளி எவ்வளவு பருமனோ கிட்டத்தட்ட அவ்வளவே குழாயும். சில சமயம் துளி குழாயின் உச்சியில் ஏறிக்கொண்டு கூடவே உயர்கிறது. பிளாஸ்மாவின் ஓரத்தில் உள்ள மின்புலம் குழாய்களை நிமிர்த்திவிடுவதால் நாற்றங்கால்போல நெட்டுக்குத்தாக நிற்கும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

இதே குழாய்கள் பழம்பொருளிலும் தென்பட்டன. கீழடி அகழாய்வில் கிடைத்த பழங்காலப் பானைகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக 2020இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உடனே "முன்னோர் நானோ அறிந்தவர்கள்" என்று வாட்ஸ்அப் நிறைந்தது. அந்தக் குயவருக்குத் தெரிந்தது தீயின் பக்குவம். அதுவே போதுமான பெருமை. குழாயைக் காட்டியது எலக்ட்ரான் நுண்ணோக்கி. பெருமையைப் பகிர்கிறவர்கள் நம் சிறு ஊர்க் கல்லூரிகளுக்கும் அதை வாங்கித் தரச் சொல்லி ஒரு மனு போட்டால் தேவலை.

பட்டறையில் முயல வேண்டாம். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். கூரையைக் கஞ்சமலையில் போய்த் தேட வேண்டியிருக்கும்.