ஹிரோஷிகேவோட மழைமேகத்த யாரும் செதுக்கவே இல்ல

"மரக்கட்டைல செதுக்கி அச்சு எடுத்தா மை பட்ட இடம் கறுப்பு, படாத இடம் வெள்ளை, அவ்ளோதானே? அப்புறம் ஹிரோஷிகே படத்துல மட்டும் மேகம் எப்படி கொஞ்சம் கொஞ்சமா கரையுது?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். சரியான இடத்துல கை வச்சிருக்கார்.

அவர் சொல்றது ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேவோட, 1857ல வந்த மரக்கட்டை அச்சுப் படம். இன்னைக்கு டோக்கியோ ஆகிட்ட எடோ நகரம், சுமிதா ஆத்து மேல ஷின் ஓஹாஷி பாலம், திடீர்னு பிடிச்ச மழைல குனிஞ்சு ஓடுற ஜனங்க, ஆத்துல தனியா தெப்பம் தள்ளிட்டுப் போற ஒரு ஆளு. 1887ல வான் கோ இத பார்த்து ஆயில் பெயின்ட்ல வரைஞ்சார்.

ஓவியர் வரைஞ்சு கொடுத்தா போதும், செதுக்குறவர் வேற, அச்சடிக்கிறவர் வேற. செர்ரி மரப் பலகை, கலருக்கு ஒரு பலகைன்னு மாத்தி மாத்தி அதே பேப்பர்ல ஒத்துவாங்க. மழைக்கோடெல்லாம் சுத்தி இருக்கற மரத்த எடுத்துட்டு மெல்லிசா மேடா விட்டது. அதுவும் ரெண்டு பலகை, ரெண்டுலயும் சாய்வு லேசா மாறும், அதனாலதான் காத்துல மழை தடுமாறுற மாதிரி தெரியுது.

மேகத்துக்கு வருவோம். அந்த இடத்துல பலகை வெறும் சமதளம்தான்! அச்சடிக்கிறவர் அத ஈரமாக்கி, மேல் விளிம்புல மட்டும் மைய வச்சு, பிரஷ்ஷ இடவலமா இழுப்பார். மை ஈரத்துக்குள்ள பரவும், விளிம்புல சாயத் துகள் அதிகம், கீழ போகப் போக தண்ணி அதிகம் துகள் கம்மி. அது காயறதுக்குள்ள ஈரப் பேப்பர மேல போட்டு, மூங்கில் மட்டை சுத்துன பாரென்ங்கற தட்டையான தேய்ப்பானால அழுத்தித் தேய்ச்சா துகள் பேப்பர் நாருக்குள்ள இறங்கிடும். பேப்பர்ல முன்னாடியே பசையும் படிகாரமும் பூசியிருக்கும், அதனால கண்டபடி ஊறாது. இதுக்குப் பேர் பொகாஷி. ஒவ்வொரு தாளுக்கும் மறுபடி மை வச்சு மறுபடி இழுக்கணும், அதனால ஒரு பிரதில இருக்கற மேகம் இன்னொண்ணுல அச்சு அசலா இருக்காது. அந்தக் கை யாரோடதுன்னு படத்துல பேர் இல்லாதது எனக்கு உண்மையாவே வருத்தம், பாதி மழை அவரோடது.

அந்தக் காலத்துப் படங்கள்ல ஆத்து நீலத்துக்கும் இதே வேலைதான். பூவுலேந்து எடுத்த பழைய நீலச் சாயம் வெளிச்சம் பட்டா வெளுத்துடும். பெர்லின்ல 18ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல கண்டுபிடிச்ச ப்ரஷ்யன் ப்ளூ 1830 வாக்குல ஜப்பான் அச்சுல பரவலாச்சு, இரும்புச் சேர்மம், துகள் ரொம்ப நைஸ், தண்ணில சீரா பரவும், பொகாஷிக்குன்னே செஞ்ச மாதிரி. படத்துல இருக்கறது எந்த நீலம்னு தெரியணும்னா, எக்ஸ்ரே காட்டினா அந்த இரும்பு பதில் சொல்லும், தாள கிள்ளிப் பார்க்க வேண்டாம். பழைய படத்துக்கு எதுக்கு லேப், எதுக்கு காசுன்னு கேக்கறவங்க இருக்காங்க. எந்தச் சாயம்னு தெரிஞ்சாதான் எவ்ளோ வெளிச்சத்துல, எத்தனை நாள் காட்சிக்கு வைக்கலாம்னு முடிவு பண்ண முடியும், அதனால மியூசியத்துக்கு லேப் கண்டிப்பா வேணும்.