பொடி எழுத்தில் ஒரு பெயர்

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் போன வாரம் கூப்பிட்டிருந்தார்கள். பாலில் கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்து லிட்டருக்கு விலை போடும் மென்பொருளில் புது விலைப் பட்டியல் ஏறவில்லை. விற்றவர் போனை எடுப்பதில்லை. "நீங்களே திருத்திக் குடுக்க முடியாதுங்களா சார்?" என்றார் செயலாளர். மூல நிரல், அதாவது மென்பொருளை எழுதிய வரிகள், கையில் இல்லாமல் எதைத் திருத்துவது? 'அபவுட்' பெட்டியைத் திறந்தேன். அடியில் பொடி எழுத்தில் எம்ஐடி உரிமம், அதற்கு மேல் பக்கத்துச் சித்தூரில் என்னிடம் வேலை பழகிய பையனின் பெயர்! அவன் எழுதி நெட்டில் போட்டதை எடுத்து, நாலு திரை சேர்த்து, மூல நிரலைத் தராமல் பூட்டி விற்றிருக்கிறார்கள். இந்த வருடத்தில் நான் பார்க்கும் மூன்றாவது பூட்டு இது.

திருட்டு என்று சொல்ல முடியாது. எடுத்து மாற்றி, நிரலைக் காட்டாமலே விற்றுக்கொள், பெயரையும் உரிம வாசகத்தையும் மட்டும் விட்டுவை என்பதுதான் எம்ஐடி கேட்பது. விட்டுவைத்திருக்கிறார்கள்.

மென்பொருளை யாருக்குக் கொடுத்தாலும் மூல நிரலையும் அதே உரிமையோடு கொடு என்று கேட்பது ஜிபிஎல் உரிமம். அதை ஏன் போடவில்லை என்று பையனைக் கேட்டால், "ஜிபிஎல்னா கம்பெனிக்காரங்க கிட்டயே வரமாட்டாங்கண்ணா. எம்ஐடின்னாத்தான் நிறைய பேர் எடுப்பாங்க" என்கிறான். எடுத்தார்கள் தம்பி, சரி. தினமும் அதை வைத்து வேலை செய்கிற செயலாளருக்கு என்ன கிடைத்தது? மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் கதையும் இதுதான். எம்ஐடி போலவே தளர்வான பிஎஸ்டி உரிமத்தில் இருந்த அதை இன்டெல் தன் சிப்புகளுக்குள் வைத்தது 2017-இல் ஊருக்கெல்லாம் தெரிந்தது. எழுதிய டானென்பாமுக்கே பத்திரிகைச் செய்தி வழியாகத்தான் தெரியும். கோடிக்கணக்கான கணினிகளில் மினிக்ஸ் ஓடுகிறது, கணினிக்குச் சொந்தக்காரர் அதைத் தொட முடியாது. மாறாக, லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரில் ஜிபிஎல் நிரல் இருந்ததால் 2003-இல் மூல நிரலை வெளியிட வேண்டி வந்தது. ரவுட்டர்களுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இயங்குதளம் பிறந்தது அதிலிருந்துதான்.

ஜிபிஎல் என்றால் காசு வாங்கக் கூடாது என்று இன்னும் எத்தனை பேர் சொல்வீர்கள்? விற்கலாம். பத்தாயிரத்துக்கும் விற்கலாம், லட்சத்துக்கும் விற்கலாம். ஊருக்கெல்லாம் நிரலை இறைக்கவும் வேண்டாம், வாங்கியவருக்கு மூல நிரலும் மாற்றிக்கொள்ளும் உரிமையும் போய்ச் சேர்ந்தால் போதும். இப்படிப்பட்ட மென்பொருளை ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்கிறார்கள், அதை இலவசம் என்றும் படிக்கலாம், சுதந்திரம் என்றும் படிக்கலாம். மலையாளத்தில் 'ஸ்வதந்த்ர சாஃப்ட்வேர்' என்கிறார்கள், குழப்பமே இல்லை. இங்கே கேரளத்தில் நம் தமிழ் மீடியம் பிள்ளைகளும் பள்ளியில் அப்படிப்பட்ட குனு/லினக்ஸ் இயங்குதளத்தில்தான் படிக்கிறார்கள். வெளியே வந்ததும் 'இலவச மென்பொருள்' என்கிறார்கள்!

எம்ஐடி எங்குமே கூடாது என்று சொல்ல வரவில்லை. எம்பி3 காப்புரிமையை எதிர்த்து நின்ற ஆக் வோர்பிஸ் என்ற ஒலி வடிவத்தின் நிரல் நூலகம் 2001-இல் பிஎஸ்டி பாணி உரிமத்துக்கு மாறியபோது ஜிபிஎல்லை எழுதிய ஸ்டால்மனே ஆதரித்தார், எம்பி3-க்குப் பதிலாக அது பரவ வேண்டும் என்பதற்காக. உன் பால் கணக்கு நிரல் எந்த எம்பி3-ஐ எதிர்த்து நிற்கிறது?

எழுதுகிறவர்கள் உரிமக் கோப்பைப் படித்துவிட்டுப் போடுங்கள், பக்கத்து வீட்டுக்காரன் போட்டான் என்று போடாதீர்கள். இணையத்தில் ஓடும் சேவை என்றால், அதைப் பயன்படுத்துகிறவருக்கும் மூல நிரல் தரச் சொல்லும் ஏஜிபிஎல் பாருங்கள். சொசைட்டிக்காரர்கள், கடைக்காரர்கள் தயவுசெய்து பணம் கட்டும் முன் கேளுங்கள்: மூல நிரல் தருவீர்களா, என் கணக்கை நானே வெளியே எடுக்க முடியுமா? எழுத்தில் வாங்குங்கள்.

பையன் அடுத்த பதிப்பை ஜிபிஎல்லுக்கு மாற்றுகிறானாம். மொத்தமும் அவன் எழுதியது என்பதால் முடியும். பழைய பதிப்பு போனது போனதுதான். சொசைட்டியில் இப்போது காலையும் மாலையும் கால்குலேட்டரில் விலை போடுகிறார்கள்.