கால் சில்லிட்டால் எண்ணெய்ப் போத்தலைத் தேடாதீர்கள்

போன கிழமையும் ஒரு கால் எடுக்க வேண்டி வந்தது. முல்லைத்தீவுப் பக்கத்து அம்மா ஒருவர். முதல்நாள் பின்னேரம் இடது கால் திடீரென்று வலியெடுத்து விறைத்திருக்கிறது. "வாதம்" என்று நல்லெண்ணெய் பூசி உருவி, நொச்சி இலை ஒத்தடமும் கொடுத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது மறுநாள் மத்தியானம். முழங்காலுக்குக் கீழே பச்சைத்தண்ணீர் மாதிரிக் குளிர், ஒத்தடம் கொடுத்த இடமெல்லாம் கொப்புளம். அந்தச் சூடு அவருக்குத் தெரியவே இல்லை.

இது வாதம் இல்லை, இல்லவே இல்லை. காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி இரத்தக்கட்டியால் அடைபட்டுவிட்டது. பாரிசவாதத்தில் கால் அசையாது. ஆனால் இப்படி வெளிறிச் சில்லிடாது, பாதத்தில் நாடித்துடிப்பும் இருக்கும். இரண்டு பாதங்களையும் சேர்த்துத் தொட்டுப் பாருங்கள். வலிக்கிற கால் மட்டும் குளிர்ந்திருந்தால் உடனே 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். கைக்கும் இதேதான்.

எவ்வளவு உருவினாலும் கட்டி கரையாது, நேரம்தான் போகும். தசை ஏறக்குறைய 6 மணித்தியாலம் தாங்கும், சிலருக்கு அதுவும் இல்லை. முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் 100 கிலோமீட்டருக்கு மேல் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். "வலி குறைஞ்சிட்டுது, விடியப் போவம்" என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். வலி குறைந்து கால் மரத்துப்போனால் நரம்பு சாகத் தொடங்கிவிட்டது.

நேரத்துக்கு வந்தால், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மருந்தை ஏற்றி, கவட்டில் சிறிதாக வெட்டி, நுனியில் பலூன் உள்ள குழாயை நாடிக்குள் விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கலாம். 1963இல் ஃபோகார்ட்டி கொண்டுவந்த முறை, இன்றும் கைகொடுக்கிறது. ஆனால் பிந்தி வந்தால், செத்த தசைக்குள் இரத்தத்தைத் திறந்துவிட்டால் அங்கிருந்து வரும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடலாம். காலைக் காப்பாற்றச் சொல்லி நீங்கள் அழும்போதும் நாங்கள் மறுப்பது அதனால்தான்.

பலருக்கு இந்தக் கட்டி இதயத்திலிருந்துதான் வரும். அதனால் இதயத்துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள், வாதக்காய்ச்சலால் வால்வு பழுதானவர்கள் கவனம். கிளினிக்குக்கு வர ஒருநாள் கூலி போகும், தெரியும். ஆனாலும் இரத்தம் கட்டியாகாமல் தடுக்கத் தரும் வாஃபரின் குளுசையை நீங்களாக நிறுத்தாதீர்கள், தயவுசெய்து.

காலைத் தலையணையில் உயர்த்தக் கூடாது. சுடுதண்ணீரும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். சத்திரசிகிச்சை தேவைப்படலாம், அதனால் சாப்பாடு கொடுக்க வேண்டாம். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுவாருங்கள். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை முதலில் பார்க்கும் வைத்தியரிடமே சொல்லிவிடுங்கள்.