12 மணி நேரம் வெந்த ஆப்பிள் பட்டரிலும் பூசணம் பூக்கும்

வகுப்புக்கு வந்த ஒரு பெண்மணி பையிலிருந்து கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே நல்ல கருஞ்சிவப்பில் ஆப்பிள் பட்டர். மேல்பரப்பின் ஓரத்தில் சாம்பல் கலந்த பச்சையில் காசு அளவுக்கு ஒரு வட்டம். "ஸ்லோ குக்கர்ல 12 மணி நேரம் வெந்ததுங்க. அதுக்கப்புறமும் எப்படிப் பூசணம் வந்துச்சு? மேலாக வழிச்சுப் போட்டுட்டுச் சாப்பிட்டா என்ன?" என்று கேட்டார். (ஸ்லோ குக்கர் என்பது குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சாரப் பானை.)

வீட்டில் உணவைப் பதப்படுத்தி வைப்பவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை, படித்தது நுண்ணுயிரியல். அவர் கேட்ட இரண்டு கேள்விகளையும் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். எல்லோரும் வெந்த மணிக்கணக்கைத்தான் சொல்கிறார்கள். வெந்த பிறகு அந்தப் பானைக்கு என்ன நடந்தது என்பதை நானாகக் கேட்டால்தான் சொல்கிறார்கள். அவர் பட்டரை ராத்திரி முழுக்க அப்படியே ஆறவிட்டு, காலையில் கழுவித் துடைத்த பாட்டிலில் போட்டு, அலமாரியில் வைத்திருந்தார். ஒருநாள் முழுக்க வேகவைத்துச் சேர்த்த பாதுகாப்பு அந்த ஒரே ராத்திரியில் போய்விட்டது.

பெயரில் பட்டர் இருந்தாலும் இதில் வெண்ணெய் ஒரு சொட்டும் கிடையாது. ஆப்பிளை வேகவைத்து மசித்து, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் வேகவிட்டு, ரொட்டியில் வெண்ணெய் போலத் தடவும் பதத்துக்குக் கொண்டுவருவதால் வந்த பெயர். பார்ப்பதற்கு ஜாம் மாதிரி இருக்கும். அதனால் ஜாம் மாதிரியே கெடாமல் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அமெரிக்க உணவுத் தர விதியில் ஜாமில் கரைந்த திடப்பொருள், அதாவது பெரும்பாலும் சர்க்கரை, 65 சதவீதமாவது இருக்க வேண்டும். பழ பட்டருக்கு 43 சதவீதமே போதும். மிச்சமெல்லாம் பெரும்பாலும் தண்ணீர்தான். ஜாமில் சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நுண்ணுயிர்கள் திணறுகின்றன. பட்டரில் அந்தப் பிடி தளர்வு. வீட்டில் சர்க்கரை சேர்க்காமல் செய்தால் இன்னும் தளர்வு. 3 கிலோ ஆப்பிளைத் தோராயமாக 1 கிலோவாக வற்றவைத்தால், பழத்தின் சொந்தச் சர்க்கரை மட்டும் 30 சதவீதம் அளவுக்கு வரும். பூசணத்துக்கு அது தடையே இல்லை. (சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதே கணக்கை வேறு விதமாகப் படிக்க வேண்டும். "சர்க்கரை சேர்க்காதது" என்று சொல்லி நாலு கரண்டி தடவிக்கொள்ளும் பொருள் அல்ல இது.)

இனி பழம். அழுகல் பழத்தை ஒதுக்கத்தான் பட்டர் செய்வது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அங்கேதான் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். கீழே விழுந்து அடிபட்டுப் பழுப்பேறிய பழம் வேறு, அழுகிய பழம் வேறு. தோல் கிழியாமல் உள்ளே கன்றியிருந்தால் அந்த இடத்தை வெட்டிவிட்டுப் போடலாம். ஆனால் பழுப்பாகக் குழைந்து, மேலே நீலப்பச்சைப் பூசணம் பூத்த பழத்தில் பெனிசிலியம் எக்ஸ்பான்சம் என்ற பூஞ்சை இருக்கக்கூடும். அது பாட்டுலின் என்ற நச்சை உண்டாக்கும். 1940களில் சளிக்கு மருந்தாகுமா என்று இதே பாட்டுலினை மனிதர்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சளி போகவில்லை. இன்று ஆப்பிள் சாற்றில் இது கிலோவுக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று பல நாடுகள் வரம்பு வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் ஆப்பிள் கூழுக்கு 25 என்றும் குழந்தை உணவுக்கு 10 என்றும் இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. பூஞ்சை சூட்டில் செத்துவிடும். அது விட்டுப்போன நச்சு அமிலமான கூழில் கொதிநிலைச் சூட்டையும் பெரிய அளவுக்குத் தாங்கும். 12 மணி நேரக் கணக்கு இங்கே உதவாது. அழுகல் பழம் குப்பைக்கு, அவ்வளவுதான்.

ஸ்லோ குக்கர் இந்த வேலைக்கு நல்ல கருவி, ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு: தண்ணீரை விடாது. மூடியில் மோதும் ஆவி துளியாகித் திரும்பவும் பானைக்குள்ளேயே விழும். குழம்பு மாதிரியானவற்றுக்கு அது வரம். நமக்கோ தண்ணீர் போக வேண்டும். அதனால் சமையலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 3 கிலோ ஆப்பிளைக் காம்பும் விதையறையும் நீக்கி நறுக்கி, 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, மூடி போட்டு, குறைந்த சூட்டில் 8 மணி நேரம் வேகவிடுங்கள். தோலைச் சீவ வேண்டியதில்லை. கெட்டிப்படுத்தும் பெக்டின் தோலில் நிறைய இருக்கிறது, வெந்த பிறகு அரைத்துவிட்டால் தெரியவும் தெரியாது. அரைத்த பிறகு சர்க்கரை, பட்டை, கிராம்பு சேர்த்து, பானையின் விளிம்பில் இரண்டு மரக்கரண்டியைக் குறுக்கே வைத்து அதன்மேல் மூடியைச் சாய்த்துவிடுங்கள். ஆவி வெளியேறும், தெறிப்பு உள்ளேயே நிற்கும். இன்னொரு 3, 4 மணி நேரம் ஆகும். ஓரம் அடிப்பிடிக்கும், அரை மணிக்கு ஒருமுறை வழித்துவிடுங்கள். முதல் பாதியில் மட்டும் மூடியைத் திறந்து திறந்து எட்டிப் பார்க்காதீர்கள், சூடு இறங்கிவிடும். "வார்ம்" என்று ஒரு பொத்தான் இருக்குமே, அது வெந்ததைச் சூடாக வைத்திருக்க. அதில் வேகவைக்கக் கூடாது.

பதம் பார்க்க: ஒரு கரண்டி எடுத்து ஆவி படாத இடத்தில் 2 நிமிடம் பிடியுங்கள். குன்று மாதிரி வழியாமல் நின்றால் ஆயிற்று. இல்லையென்றால் தட்டில் ஒரு சொட்டு வையுங்கள். சுற்றிலும் தண்ணீர் வளையம் கசியக் கூடாது. கசிந்தால் பட்டருக்குள் இன்னும் ஓடும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் வற்ற வேண்டும்.

கைக்கும் ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். கெட்டியான பழக்கூழ் கொதிக்கும்போது குமிழி வெடித்துத் தெறிக்கும். தோலில் பட்டால் தண்ணீர் மாதிரி ஓடாமல் ஒட்டிக்கொண்டு சுடும். ஹேண்ட் பிளெண்டரைத் தலை முழுக்க அமிழ்த்தி நிறுத்திய பிறகே பொத்தானை அழுத்துங்கள். மிக்சியில் சூடாக அரைப்பதானால் பாதி ஜாருக்கு மேல் வேண்டாம். இல்லாவிட்டால் ஆவி மூடியைத் தூக்கி எறியும். சூடான பீங்கான் பானையில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் பானை விரிசல் விடும்.

இப்போது அந்த வட்டத்துக்கு வருவோம். அது ஏன் மேல்பரப்பில், அதுவும் ஓரத்தில் வந்தது? பானையிலிருந்த பூஞ்சை 12 மணி நேரத்தில் செத்திருக்கும், அதில் சந்தேகமில்லை. புதிது காற்றிலிருந்தோ, கரண்டியிலிருந்தோ, பாட்டில் துடைத்த துணியிலிருந்தோ வந்திருக்கும். வந்து இறங்கிய இடத்தில் அதற்குத் தண்ணீரும் கிடைத்திருக்கிறது. ராத்திரி ஆறவிட்ட பட்டரில் காலையிலும் கொஞ்சம் வெதுவெதுப்பு மிஞ்சியிருந்து, அப்படியே ஊற்றி மூடினால் ஆவி மூடிக்கடியில் வியர்த்து, துளித்துளியாக ஓரத்தில் விழும். அந்த இடத்தில் மட்டும் சர்க்கரையும் அமிலமும் நீர்த்துப்போகும். பூசணத்துக்கு அதைவிட நல்ல மெத்தை வேண்டுமா?

அதை வழித்துவிட்டுச் சாப்பிடலாமா என்றால், கூடாது. கண்ணுக்குத் தெரிவது பூத்த பகுதி மட்டும். இழைகள் கூழுக்குள் இறங்கியிருக்கும். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. ஆப்பிளின் பிஹெச் (அமிலத்தை அளக்கும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) பொதுவாக 3.3 முதல் 4 வரை. போட்டுலிசம் என்ற, உயிருக்கே ஆபத்தான உணவு நச்சு நோயை உண்டாக்கும் கிருமியால் 4.6க்குக் கீழே வளர முடியாது. ஆப்பிள் பட்டர் இந்த விஷயத்தில் பத்திரம் என்று நாங்கள் சொல்வதே அந்த அமிலத்தை நம்பித்தான். ஆனால் பூசணம் அமிலத்தைத் தின்று வளரும், சுற்றுவட்டாரத்தின் பிஹெச் ஏறிவிடும். காவல் போன வீடு மாதிரி ஆகிவிடும் பாட்டில். அதனால்தான் எலுமிச்சைச் சாற்றை விருப்பத்துக்கு விடுவதில்லை நான். இனிப்பான சிவப்பு ஆப்பிள் மட்டும் போட்டுச் செய்வதானால் கட்டாயம் விடுங்கள்; பாட்டிலில் விற்கும் சாற்றின் புளிப்பு ஒரே சீராக இருக்கும் என்பதால் இதற்கு அது மேல். பூசணிக்காயைப் பாதிக்குப் பாதி கலந்து "பூசணி ஆப்பிள் பட்டர்" செய்வது இப்போது பலருக்குப் பிடித்திருக்கிறது. பூசணியில் அமிலம் குறைவு. அதை வெளியில் வைக்கும் பாட்டிலில் அடைக்கவே கூடாது. ஃப்ரிட்ஜ், இல்லையென்றால் ஃப்ரீசர்.

அலமாரியில்தான் வைப்பேன் என்பவர்களுக்கு முறையான வழி ஒன்று உண்டு. சூடான பட்டரைச் சூடான பாட்டிலில் விளிம்புக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிரப்பி, காற்றுக் குமிழிகளை எடுத்துவிட்டு, புது மூடி போட்டு, பாட்டில் முழுக்க மூழ்கும் தண்ணீரில் கொதிக்க வைக்க வேண்டும். வீட்டு உணவுப் பதப்படுத்தலுக்கான அமெரிக்க தேசிய மையம் தரும் நேரம், கால் லிட்டர், அரை லிட்டர் அளவு பாட்டில்களுக்கு 5 நிமிடம். கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் இருந்தால் 10, சுமார் 1,800 மீட்டரையும் தாண்டினால் 15. உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் இந்தக் கூடுதல். 10 நிமிடத்துக்குக் குறைவாகக் கொதிக்க வைப்பதானால் வெறும் பாட்டிலை முன்கூட்டியே 10 நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்திருக்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த மையத்தின் செய்முறையில் ஏறக்குறைய 3.6 கிலோ ஆப்பிளுக்கு அரை லிட்டர் வினிகர் போகிறது. நேரம் அந்தச் செய்முறைக்குச் சொன்னது. வினிகரை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சூடாக ஊற்றி பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது, மேலே மெழுகு ஊற்றுவது இதெல்லாம் பழைய பழக்கம். "டப்" என்று மூடி உள்ளே இழுத்துக்கொள்வதும் உண்மைதான். ஆனால் அந்தச் சத்தம் காற்று சுருங்கிய சத்தம். உள்ளே பூஞ்சை செத்ததா இல்லையா என்பதை அது சொல்லாது. மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது சீறினாலோ, ருசி பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பாட்டிலோடு தூர எறியுங்கள்.

இனிப்புக்குத் தேன் சேர்த்தீர்களானால் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு அதைக் கொடுக்கக் கூடாது. எவ்வளவு நேரம் வெந்திருந்தாலும் சரி. தேனில் இருக்கக்கூடிய போட்டுலிசம் விதைத்துகள்கள் இந்தச் சூட்டில் சாவதில்லை.

என் வீட்டில் நான் பாட்டிலில் அடைப்பதே இல்லை. பட்டர் தயாரானதும் அகலமான தட்டில் பரப்பி ஆவி போகவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு, விரிவதற்கு மேலே ஒரு விரல் இடம் விட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். ஒரு டப்பா மட்டும் ஃப்ரிட்ஜுக்குப் போகும், தேதி எழுதி. அதை 3 வாரத்தில் முடித்துவிட்டுத்தான் அடுத்தது வெளியே வரும். ரொட்டித் துகள் ஒட்டிய கத்தியை அதற்குள் விடுபவர்களோடு எங்கள் வீட்டில் இன்னும் சண்டை நடந்துகொண்டுதான் இருக்கிறது.