டீ வேளையும் சத்து மாத்திரையும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் காலை 11 மணி வாக்கில் டீ வரும். மாசமாக இருக்கும் பெண், வீட்டில் போட மறந்த இரும்புச்சத்து மாத்திரையை அந்த டீயோடு விழுங்கிவிடுவதும் உண்டு. அடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏறியிருக்காது. "மாத்திரை ஒழுங்காகப் போடுவதில்லையா?" என்று அவளைத்தான் கேட்பார்கள். அவள் போட்டிருக்கிறாள், இரும்புதான் ரத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை.

கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறத்தாழ பாதியளவு கூடுகிறது. சிவப்பணுக்கள் அந்த வேகத்தில் கூடுவதில்லை. குழந்தை, நஞ்சுக்கொடி, புதிய ரத்தம் எல்லாவற்றுக்கும் சேர்த்து சுமார் 1 கிராம் இரும்பு வேண்டும். சாப்பாடு மட்டும் அதைத் தருவது கடினம். 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினருக்கு இந்தக் குறை இருக்கிறது. பிரசவத்தில் ரத்தப்போக்கு மிகும்போது ரத்தசோகை உள்ளவளின் உடல் அதைத் தாங்காது என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

அரசு தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. இரும்பு இரைப்பை அமிலத்தில் கரைந்து, சிறுகுடலின் தொடக்கத்தில் உறிஞ்சப்படுகிறது. கரைந்த நிலையில் இருந்தால்தான் குடல்சுவர் அதை உள்ளே விடும். டீயைத் துவர்க்கவைக்கும் டானின், எவர்சில்வர் டம்ளரின் உட்புறத்தில் பழுப்புக் கறையாகப் படிகிறதே, அது இரும்பைப் பிடித்துக் கரையாத கூட்டாக்கிவிடும். அந்த இரும்பு மலத்தோடு வெளியேற வேண்டியதுதான். சோற்றோடு டீ குடித்தால் கீரை, பருப்பிலிருந்து கிடைக்கும் இரும்பும் பாதிக்கு மேல் வீணாகலாம். காப்பியும் இதையே செய்யும்.

வைட்டமின் சி செய்வது நேர்மாறு. அது இரும்பைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும். அரிசிம்பருப்புச் சோற்றோடு நெல்லிக்காய்த் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டாலே பலன் உண்டு.

கால்சியம் மாத்திரையும் இரும்பின் வழியை மறிக்கும். இரண்டையும் ஒரே கையில் கொட்டி விழுங்கக் கூடாது. கால்சியம் சாப்பாட்டோடு, இரும்பு இரண்டு மணி நேரம் தள்ளி. டீக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது விட வேண்டும். குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் படுக்கும் நேரத்தில் போடலாம். மலம் கறுத்துப் போவது உறிஞ்சப்படாத இரும்பினால். அதற்குப் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. குழந்தை பிறந்த பிறகும் 180 நாள் இதே மாத்திரை தொடர வேண்டும்.