அஜினமோட்டோவை விடுங்கள், சோறு எப்போது அவித்தது என்று கேளுங்கள்

இந்த முறையும் அதே கதைதான். பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று ரவுணில் உள்ள ஒரு சைனீஸ் ரெஸ்ரோரன்டில் பிறைட் றைஸும் டெவல் சிக்கனும் பார்சல் எடுத்திருக்கிறார்கள். எடுத்தது பதினொரு மணிக்கு. கேக் வெட்டி, படம் எடுத்து, கனடாவில் இருக்கும் மாமாவுக்கு வீடியோ கோலில் எல்லாரையும் காட்டி முடிய மூன்று மணி. அதற்குப் பிறகுதான் பார்சலைப் பிரித்தார்கள். ஐந்து மணிக்கெல்லாம் பிள்ளைகள் வரிசையாகச் சத்தி. ஆஸ்பத்திரி அறிவித்தல் கிடைத்து நான் அந்த வீட்டுக்குப் போனபோது படலையடியிலேயே தீர்ப்பு வந்துவிட்டது: "அஜினமோட்டோவை அள்ளிப் போட்டிருக்கிறாங்கள் ஐயா."

மறுநாள் காலை கடைக்குப் போனால் முதலாளியும் அதே பேச்சைத்தான் தொடங்கினார். "சத்தியமா எங்கட கடையில அஜினமோட்டோ பாவிக்கிறேல்லை சேர். போர்ட்டிலயே போட்டிருக்கிறம்." உண்மைதான், வாசலில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. குசினிக்குள் போனேன். வாசலோரம் நிலத்தில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் பேசன். அது நிறையச் சோறு, மேலே ஒரு ஈரத்துணி. முதல்நாள் இரவு கடை பூட்ட முன்னர் அவித்து வடித்தது, இன்றைய மத்தியானத்துக்கு. மேற்சோறு காய்ந்து உதிரி உதிரியாக இருந்தது. வெப்பமானியைப் பேசனின் நடுவில் செருகினேன். 34 பாகை. இரவு முழுக்க இருந்தும் நடுச்சோறு இன்னும் ஆறவில்லை. துணியைத் தூக்கியபோது வந்த மணம் எனக்குப் பழகிய மணம். முதலாளி அதைக் கவனிக்கவே இல்லை, அஜினமோட்டோ பக்கற் ஒன்றும் இல்லை என்று காட்ட அலுமாரியைத் திறந்துகொண்டிருந்தார்.

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். இலங்கையின் வடக்கே, வன்னியில் வேலை. இங்கே பீ.எச்.ஐ என்றால்தான் விளங்கும். எனக்கு அஜினமோட்டோ பற்றிப் பேசிப் பேசிக் களைத்துவிட்டது. இங்கே ஒருமுறை முழுக்கச் சொல்லிவிடுகிறேன், இனிக் கேட்பவர்களுக்கு இதையே அனுப்பலாம்.

1908 இல் தோக்கியோவில் கிக்குனே இகேடா என்ற வேதியியல் பேராசிரியர், கொம்பு என்ற கடற்பாசியை அவித்த சாற்றுக்கு அதன் தனிச் சுவை எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போய்க் குளுட்டமேற்றைப் பிரித்தெடுத்தார். அதன் சோடிய உப்புத்தான் அடுத்த வருடம் அஜினமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. இன்றைக்குக் கரும்புப் பாகு, மரவள்ளி மா போன்றவற்றைப் புளிக்கவைத்து அதைத் தயாரிக்கிறார்கள். குளுட்டமேற்று தக்காளியில் இருக்கிறது, சீஸில் இருக்கிறது, தாய்ப்பாலில் தாராளமாக இருக்கிறது. தக்காளியில் வந்ததா, பக்கற்றில் வந்ததா என்று உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை.

பழி தொடங்கியது 1968 இல். அமெரிக்காவில் இருந்த றொபேட் ஹோ மான் குவோக் என்ற சீன வம்சாவளி வைத்தியர் ஒரு மருத்துவச் சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினார். சைனீஸ் கடையில் சாப்பிட்டால் தனக்குப் பிடரி விறைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்றார். காரணம் சோயா சோஸா, சமையல் வைனா, உப்பா, அஜினமோட்டோவா என்று கேட்டிருந்தார். கேட்டதோடு சரி. மற்ற எல்லாவற்றையும் ஆட்கள் மறந்துபோய் அஜினமோட்டோவை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு, எதைக் கொடுக்கிறோம் என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் அந்தக் குற்றச்சாட்டு ஒழுங்காக நிற்கவில்லை. 1987 இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு அதற்கு நாளாந்த எல்லை ஒன்று குறிக்கத் தேவையில்லை என்றது. 2017 இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் என்று ஓர் எல்லையை வைத்தது. நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். வெறும் வயிற்றில், சாப்பாடு இல்லாமல், 3 கிராமுக்கு மேல் எடுத்தால் சிலருக்குத் தலையிடி, முகம் சூடாவது, படபடப்பு வரலாம். கொஞ்ச நேரத்தில் போய்விடும்.

அப்படியே எடுத்துக்கொண்டாலும் சத்தியும் வயிற்றோட்டமும் பிடித்து ஒரு வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே பின்னேரம் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடப்பதற்கு அது காரணமாகாது. இதைச் சொன்னால் "அப்ப நீங்கள் அஜினமோட்டோ கொம்பனிக்காரரோ" என்று கேட்கிறார்கள். ஐயா, அதைப் போடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை, போடாவிட்டால் எனக்கென்ன. என் ஆத்திரம் வேறு. அந்தச் சிவப்புப் போர்ட்டைப் பார்த்ததும் நீங்கள் மற்றக் கேள்வி எதையும் கேட்பதில்லை. முதலாளிக்கும் அது தெரியும். போர்ட் எழுத ஒருநாள் செலவு, சோற்றை ஒழுங்காக ஆறவைக்க ஒவ்வொரு நாளும் வேலை. இன்னொன்று, வீட்டில் பிள்ளைக்குச் சூப் வைக்கும்போது போடுகிற சூப் கட்டியின் உறையைத் திருப்பிப் பாருங்கள். 621 என்று ஓர் எண் இருந்தால் அது இதே சாமான்தான்.

சைனீஸ் சாப்பாட்டில் உப்பு வேண்டுமானால் கவனிக்கவேண்டிய விஷயம். ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கும். ஒரு நாளுக்கே 2000 மில்லிகிராமுக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் எப்படி என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்கள் பிறைட் றைஸுக்கு மேல் இன்னும் சோஸ் ஊற்றுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

சரி, பேசனுக்கு வருவோம். அரிசியில் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். சோறு கொதித்தாலும் அவை சாகாது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் சோறு கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சு விடும். பிறகு தாச்சியில் நெருப்பு எழும்ப எழும்பப் பிரட்டினாலும் அந்த நஞ்சு போகாது. 121 பாகையில் ஒன்றரை மணி நேரம் வைத்தும் தாங்குகிற நஞ்சு அது, உங்கள் மைக்ரோவேவ் எம்மாத்திரம். சாப்பிட்டு அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் சத்தி. மிக அரிதாக ஈரலையும் தாக்கும். பிரித்தானியாவில் 1971 இல் இதைக் கண்டுபிடித்ததே சைனீஸ் கடைகளின் பிறைட் றைஸில்தான். அங்கேயும் மொத்தமாக அவித்துவிட்டு இரவு முழுக்க வெளியில் வைத்திருந்தார்கள். பிரிட்ஜில் வைத்தால் சோறு கட்டியாகும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதையேதான் எங்கள் சமையற்காரர்களும் இன்றைக்குச் சொல்கிறார்கள்.

சமையற்காரர் சொல்வதில் பாதி சரி. சுடுசோற்றைப் பிரட்டினால் களியாகும், ஆறிய சோறுதான் வேண்டும். ஆனால் ஆறவேண்டியது அகலமான தட்டில், இரண்டு அங்குலத்துக்கு மேல் உயராமல், காற்றாடிக்குக் கீழே. ஆவி அடங்கியதும் மூடிப் பிரிட்ஜில். அப்படி வைத்தால் கட்டியாவதில்லை, நீங்களே செய்து பாருங்கள். பேசனில் மலைபோலக் குவித்தால் நடுவில் உள்ளது விடியும்வரை ஆறாது.

பிரிட்ஜ் எங்களுக்குப் பழகிய சாமானும் இல்லை. யுத்த காலத்தில் வன்னியின் பெரும்பகுதிக்குள் லைன் மின்சாரம் இல்லை. 2009 க்குப் பிறகுதான் லைன் வந்தது, ஏ-9 வீதியோரம் கடைகள் வந்தன, பிறைட் றைஸும் சொப்சியும் கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு எல்லாம் வந்தன. சாமான் வந்துவிட்டது, பழக்கம் இன்னும் வரவில்லை. இரவில் கரண்ட் செலவு என்று பிரிட்ஜை நிற்பாட்டி வைக்கிற கடைகள் இருக்கின்றன. ஐஸ்கிறீம், பச்சைக் கோழி, வெட்டிய லீக்ஸ், முதலாளியின் மருந்து எல்லாம் ஒரே தட்டில் இருக்கிற பிரிட்ஜையும் பார்த்திருக்கிறேன்.

உடனே ஒரு கேள்வி வரும்: "நாங்கள் பழஞ்சோறு தின்று வளர்ந்த ஆக்கள், எங்களுக்கு என்ன நடந்தது?" நல்ல கேள்வி. பழஞ்சோற்றுக்கு நீங்கள் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். அது புளிக்கிறது. அந்தப் புளிப்பு இந்தக் கிருமிக்கு ஒத்துவராது. வடித்து, தண்ணீர் இல்லாமல், இளஞ்சூட்டில் குவித்த சோறு புளிப்பதில்லை. வயலுக்குப் போகும்போது அம்மா தந்த தண்ணிச்சோற்றையும் இந்தப் பேசனையும் ஒன்றாகப் பேசாதீர்கள்.

கோழி பற்றியும் சொல்லவேண்டும், சுருக்கமாக. டெவலுக்குக் காலையிலேயே பாதி பொரித்து வெளியில் வைப்பது, பச்சைக் கோழி வெட்டிய பலகையில் அப்படியே கோவாவும் கரட்டும் வெட்டுவது, காசு வாங்கிய கையாலேயே சலாட் அள்ளிப் போடுவது. இதற்கெல்லாம் விளக்கம் வேண்டுமா?

அஜினமோட்டோப் பழியால் வரும் இன்னோர் ஆபத்தை யாரும் பேசுவதில்லை. சைனீஸ் சாப்பிட்டால் உதடு வீங்குகிறது, உடம்பெல்லாம் தடிக்கிறது, மூச்சு இழுக்கிறது என்று சிலர் சொல்வார்கள். "எனக்கு அஜினமோட்டோ ஒத்துவராது" என்று தாங்களே முடிவெடுத்தும் விடுவார்கள். பெரும்பாலும் அது இறாலாக, கணவாயாக, முட்டையாக, கச்சானாக, சோயாவாக இருக்கும். அஜினமோட்டோ இல்லாத கடை என்று நம்பிப் போய் இறாலும் முட்டையும் கலந்த மிக்ஸ் றைஸ் சாப்பிடுவார்கள். அடுத்த முறை மூச்சு முழுக்க அடைக்கலாம். தயவுசெய்து வைத்தியரிடம் காட்டுங்கள், இது விளையாட்டில்லை.

இனிச் சாப்பிடப் போகிறவர்களுக்கு. கடையில் இருந்து சுடச்சுடச் சாப்பிடுவது பார்சலை விட நல்லது. சனம் ஓடுகிற நேரத்தில், சனம் ஓடுகிற கடைக்குப் போங்கள். அங்கே சோறு கிடக்க நேரமில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு ஆளில்லாத கடையில் றைஸ் கேட்காதீர்கள், நூடில்ஸோ சூப்போ புதிதாகச் செய்து தரச் சொல்லுங்கள். "தம்பி, சோறு எப்ப அவிச்சது?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன, காசு கொடுக்கிறீர்கள்தானே. பெடியன் முழித்தால் எழும்பி வாருங்கள். சுவரில் எங்கள் பணிமனை கொடுத்த தரப்படுத்தல் சான்றிதழ் தொங்குகிறதா என்றும் பாருங்கள், சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தால் ஏன் என்று யோசியுங்கள்.

பார்சல் எடுத்தால் நேரே வீடு, நேரே கோப்பை. சமைத்ததை வெளியில் இரண்டு மணி நேரம் வைக்கலாம் என்று எங்கேயோ வாசித்திருப்பீர்கள். வெயில் 32 பாகையைத் தாண்டினால் அது ஒரு மணி நேரம்தான். எங்கள் ஊரில் மத்தியானம் 32 க்குக் கீழே நிற்கிற மாதங்கள் எத்தனை? கோயிலுக்குப் போய்விட்டு வரும்வரை காருக்குள் பார்சலை வைக்காதீர்கள். முதலில் கேக் வெட்டுங்கள், பிறகு பார்சல் எடுக்க ஆளை அனுப்புங்கள். மாமாவின் வீடியோ கோல் சாப்பிட்ட பிறகும் நடக்கும். மிஞ்சினால் உடனே பிரிட்ஜில், அடுத்தநாளுக்குள் ஆவி பறக்கச் சுடவைத்து ஒரே ஒருமுறை. வெளியில் கிடந்த சோறு என்றால் சுடவைத்தும் பயனில்லை, எறியுங்கள்.

முதலாளிமாருக்கு ஒன்று. உங்களைப் பிடிப்பதற்காக நான் திரியவில்லை. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் என் கையில் இருக்கிறது, தேவைப்பட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போவேன். ஆனால் கடன் எடுத்துக் கடை போட்ட பெடியனை வழக்குக்கு இழுப்பதில் எனக்கு ஒரு சந்தோசமும் இல்லை. நான்கு அகலத் தட்டு, ஒரு வெப்பமானி, இரண்டு வெட்டுப் பலகை வாங்குங்கள். இரவில் அவிப்பதை விட்டுக் காலையில் அவியுங்கள். சத்தியோ வயிற்றோட்டமோ இருக்கிற பெடியனுக்கு லீவு கொடுங்கள், சம்பளத்தோடு கொடுங்கள், இல்லாவிட்டால் மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவான்.

சத்தி தொடங்கிவிட்டால் ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள்) கரைத்து, பக்கற்றில் சொன்ன அளவுத் தண்ணீரில், கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். கஞ்சியும் கொடுக்கலாம். பாமசியில் சத்தி நிற்பாட்டும் குளிசை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். சின்னப் பிள்ளை, கர்ப்பிணி, வயதானவர் என்றால் காத்திருக்க வேண்டாம். சலம் குறைந்தால், சோர்ந்து தூங்கினால், மலத்தில் இரத்தம் போனால், கடும் காய்ச்சல் என்றால் யாராக இருந்தாலும் ஆஸ்பத்திரி. உணவு நஞ்சாதல் அறிவிக்கவேண்டிய நோய், வைத்தியர் எங்களுக்கு அறிவிக்கத்தான் வேண்டும். ஆகவே என்ன, எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்று அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். "கடைக்காரன் பாவம்" என்று பலர் சொல்வதில்லை. அடுத்தநாள் அதே கடையில் பார்சல் எடுக்கிற பிள்ளை பாவமில்லையா?

மிச்சச் சாப்பாட்டை எறியாதீர்கள். நான் போகும்போது முக்கால்வாசி வீடுகளில் நாய்க்குப் போட்டாயிற்று, சட்டி கழுவியாயிற்று, பார்சல் சுற்றிய லஞ்ச் சீற் எரித்தாயிற்று. மாதிரி இல்லாமல் ஆய்வுகூடத்துக்கு நான் எதை அனுப்புவது? ஒரு சுத்தமான போத்தலிலோ புதுப் பையிலோ போட்டு இறுக்கிக் கட்டி, பிள்ளைகள் எடுக்காதபடி எழுதி ஒட்டிப் பிரிட்ஜில் வையுங்கள், பிரீசரில் வேண்டாம். பிறகு உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவியுங்கள். பேஸ்புக்கில் போடுவதை அதற்குப் பிறகு போடலாம்.