வேருக்கு யூரியாவும் தெரியாது, சாணமும் தெரியாது

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் வாழை வைத்திருப்பவர்கள் மண் பரிசோதனை பற்றிப் பேச வந்தால் கடைசியில் இதைக் கேட்காமல் போகமாட்டார்கள்: "சார், யூரியா போட்டா மண்ணு செத்துப்போகும்னு சொல்றாங்களே, உண்மையா?"

வேர் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பெரும்பாலும் அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோதான் எடுத்துக்கொள்ளும். அது உர மூட்டையிலிருந்து வந்ததா, மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்ததா என்பது வேருக்குத் தெரியாது. யூரியாவைக்கூட மண்ணிலுள்ள நுண்ணுயிர்களின் நொதிதான் சில நாட்களில் அம்மோனியமாக உடைக்கிறது. அப்புறம் நைட்ரசோமோனாஸ், நைட்ரோபாக்டர் மாதிரியான பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக்குகின்றன.

சரி, வித்தியாசம் எங்கே? களிமண் துகள்கள் அம்மோனியத்தைப் பிடித்துவைக்கும், நைட்ரேட்டைப் பிடிக்காது. இரண்டு பருவமழையும் பெய்கிற நம் குமரி மாவட்டத்தில், சரல் மண் விளையில் (தோட்டத்தில்) மொத்தமாகக் கொட்டிய யூரியா நைட்ரேட்டாக மாறியதும் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு மழையோடு இறங்கிவிடும். தொழுவுரத்தில் நடப்பது வேறு. அதிலுள்ள கரிமச்சத்தைத் தின்று பாக்டீரியா பெருகி, தழைச்சத்தைத் தன் உடம்பிலேயே வைத்துக்கொள்கிறது. அந்தப் பாக்டீரியாவை ஒருசெல் உயிரிகளும் நுண்புழுக்களும் தின்று, தங்களுக்குப் போக மிச்சமுள்ள தழைச்சத்தை அம்மோனியமாக வெளியே விடும். இது அதிகம் நடப்பது வேரை ஒட்டித்தான், ஏனென்றால் இலையில் தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கை வேர் வழியாகக் கசியவிட்டுப் பாக்டீரியாவைப் பக்கத்தில் கூட்டிவைப்பதே செடிதான்! யூரியாவில் அந்தப் பாக்டீரியாவுக்குத் தீனி கிடையாது. அதோடு அம்மோனியம் நைட்ரேட்டாகும்போது அமிலமும் உண்டாகும். நம்முடைய சரல் மண் ஏற்கெனவே அமில மண், அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) கட்டிப்போட்டுவிடும், ஆகவே மணிச்சத்து உரமான டிஏபி எவ்வளவு போட்டும் வாழை தேறவில்லை என்றால் முதலில் கார அமில நிலையைப் பாருங்கள், சுண்ணாம்பு தேவைப்படலாம்.

அதற்காக யூரியாவை நாளைக்கே நிறுத்துங்கள் என்று நான் சொல்லமாட்டேன். 45 கிலோ மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தழைச்சத்து இருக்கிறது. தொழுவுரத்தில் ஏறக்குறைய அரை சதவீதம்தான். அந்த ஒரு மூட்டைக்கு ஈடாக 4 டன் தொழுவுரம் வேண்டும். குத்தகை விளையில் ஏத்தன் (நேந்திரன்) வாழை வைத்து, வீட்டில் ஒரு பசு மட்டும் நிற்கிறவர் அதற்கு எங்கே போவார்? யூரியாவைப் பல தடவையாகப் பிரித்து, கனமழை இல்லாத நாளில், தொழுவுரம் வைத்த தடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். இடையில் தட்டைப்பயறு விதையுங்கள். பூக்கிற சமயத்தில் ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சைக் கீறினால், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். முடிச்சிலிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கிறது என்று அர்த்தம்.

இயற்கை உரம் என்ற பெயரில் மட்காத தென்னை நார்க்கழிவையும் மரத்தூளையும் வாழை மூட்டில் புதைப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. அதில் கரிமச்சத்து மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு என்பதால், அதைத் தின்னும் பாக்டீரியா மண்ணிலிருக்கிற தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், வாழை மஞ்சளித்துவிடும். நன்றாக மட்கவைத்த பிறகு போடுங்கள். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா மாதிரியான நுண்ணுயிர் உரம் வாங்கினால் யூரியாவோடு கலக்கவே கலக்காதீர்கள். அவை உயிருள்ளவை, வெயில் படாமல் வைத்திருந்து, தூளாக்கிய தொழுவுரத்தில் கலந்து ஈரமான மண்ணில் போட வேண்டும்.